2031-க்கு யார் பொறுப்பு?

ஐந்தாண்டுத் திட்டங்களால் இந்தியா நாற்பது ஆண்டுகளைப் பாழாக்கியது. 1991-ல் சந்தை திறந்த பிறகுதான் நாடு நிமிர்ந்தது. 2014-ல் திட்டக்குழுவுக்கு மூடுவிழா நடத்தியதால் மாநிலங்களுக்கு விடுதலை கிடைத்தது. இனி 2047-ல் வளர்ந்த நாடு என்ற இலக்கை வைத்துக்கொண்டு நடந்தால் போதும்.

இந்த நான்கும் இன்று வாய்ப்பாடு போலச் சொல்லப்படுகின்றன. தொலைக்காட்சி விவாதத்தில், கல்லூரிக் கருத்தரங்கில், வர்த்தக சங்க ஆண்டு விழாவில் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையசைக்கிறார்கள். கட்சி பேதமும் இதில் அதிகம் இல்லை. நான்கில் ஒன்றுகூட அப்படியே ஏற்கத்தக்கதல்ல என்பது என் வாதம். அதிலும் நான்காவது ஆபத்தானது.

தென்காசி மாவட்டத்தின் சங்கரன்கோவிலில் நின்று இதைப் பேசக் காரணம் உண்டு. திட்டக் காலம் தன் சாதனையாகக் காட்டும் எதுவும் இந்த ஊரில் இல்லை. நெய்வேலியின் சுரங்கம் போல, திருவெறும்பூரின் பாய்லர் ஆலை போல இங்கே ஒன்றும் எழும்பவில்லை. சந்தைக் காலம் காட்டும் பெருமையும் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் இறங்கிய ஆலைகள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலைகூட சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று மேற்கே ஒதுங்கிப் போய்விடுகிறது. ஊரைச் சுற்றி மானாவாரிக் கரிசல். உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் பருத்தியும். ஊருக்குள் விசைத்தறிச் சத்தம், பூச்சந்தை, ஆடித்தபசுக்கு வந்து சேரும் பெருங்கூட்டம். எந்தக் காலத்தின் விளம்பரப் படத்திலும் இடம்பெறாத இப்படிப்பட்ட ஊருக்கு ஒரு நாட்டின் திட்டம் வந்து சேர்ந்ததா என்று பார்ப்பதே நேர்மையான சோதனை.

முதலில் அந்த ‘பாழான நாற்பது ஆண்டு’. 1950-லிருந்து 1980 வரை நாட்டின் வளர்ச்சி ஆண்டுக்குச் சராசரியாக 3.5 சதவீதம். பொருளியலாளர் ராஜ் கிருஷ்ணா இதற்கு ‘இந்து வளர்ச்சி விகிதம்’ என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரே ஒரு தீர்ப்பாகி நிலைத்துவிட்டது. ஆனால் அதற்கு முந்தைய அரை நூற்றாண்டில் வெள்ளையர் ஆட்சியில் வளர்ச்சி ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. 1951-ல் நூறு பேரில் பதினெட்டுப் பேருக்குத்தான் எழுத்து தெரிந்தது. சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டியிருந்தது. அந்த நிலையிலிருந்து புறப்பட்ட முதல் திட்டம் 2,069 கோடி ரூபாயில் வரையப்பட்டது, 2.1 சதவீத வளர்ச்சியை இலக்காக வைத்து 3.6 சதவீதத்தை எட்டியது. மூன்றாம் திட்டம் தோற்றது. சீனப் போர், பாகிஸ்தான் போர், 1965-66 வறட்சி என்று அடி மேல் அடி. தோற்றதை மறைக்க முடியவில்லை. 1966 முதல் 1969 வரை திட்டத்துக்கே விடுமுறை விட்டார்கள். இந்த விடுமுறையைத் திட்டக் காலத்தின் அவமானமாகச் சொல்கிறார்கள். நான் அதை அதன் நேர்மையாகப் பார்க்கிறேன். இலக்கு எழுதப்பட்டிருந்தது, எட்டவில்லை என்று ஊருக்கே தெரிந்தது, அரசு நின்று யோசிக்க வேண்டியிருந்தது.

1991-ல்தான் நாடு நிமிர்ந்தது என்பதும் காலக்கணக்கில் பிசகு. 1980-களிலேயே வளர்ச்சி ஐந்தரை சதவீதத்தைத் தொட்டுவிட்டது. வேகம் பிடித்தது 1980-ஐ ஒட்டித்தான் என்று பொருளியலாளர்கள் டேனி ராட்ரிக்கும் அரவிந்த் சுப்பிரமணியனும் இருபது ஆண்டுகளுக்கு முன்பே விரிவாக எழுதினார்கள். சுப்பிரமணியன் பின்னாளில் மோடி அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகராகவே இருந்தவர். இன்னொன்று: 1991-ல் ஒழிந்தது தொழில் உரிம முறை. திட்டம் ஒழியவில்லை. எட்டாம் திட்டம் 1992-ல் தொடங்கி, 5.6 சதவீத இலக்கைத் தாண்டி 6.8 சதவீதம் கண்டது. பதினோராம் திட்டக் காலமான 2007-12ல் உலகமே நிதி நெருக்கடியில் சிக்கியிருந்தபோதும் ஆண்டுக்கு எட்டு சதவீத அளவில் வளர்ந்தோம். நாட்டின் மிக வேகமான வளர்ச்சி ஆண்டுகள் பல, திட்டக்குழு இயங்கிக்கொண்டிருந்த காலத்தில் வந்தவை. உரிமத்தையும் திட்டத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு, ஒன்றின் பழியை இன்னொன்றின் தலையில் இறக்கிவைத்ததுதான் நடந்தது.

உரிமத்தின் கொடுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ‘பர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்ஜியம்’ என்று ராஜாஜி சாடியதில் உண்மை இருந்தது. 1959-ல் அவர் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது சொன்ன அச்சங்களில் பல அடுத்த இருபது ஆண்டுகளில் பலித்தன. ஆலை தொடங்க அனுமதி, இயந்திரம் இறக்க அனுமதி, கூடுதலாக உற்பத்தி செய்யவும் அனுமதி என்ற முறை ஊழலை வளர்த்தது, சிறுதொழில்காரரை மிரட்டியது. அதை ஒழித்தது சரி. ஆனால் ஒரு வியாபாரியின் கையைக் கட்டுவதற்கும், எந்த மாவட்டத்தில் எத்தனை பள்ளி, எந்த ஆற்றில் எந்த அணை என்று அரசு தன் பணத்துக்குத் தானே முறை வகுப்பதற்கும் வித்தியாசம் இல்லையா?

இங்கே சந்தைவாதிகள் ஒரு நல்ல கேள்வி கேட்பார்கள். சங்கரன்கோவில் விசைத்தறி எந்தத் திட்டத்தால் வந்தது, மக்கள் தாமாகத்தானே கைத்தறியிலிருந்து மாறினார்கள் என்பார்கள். மாறியது மக்கள்தான், மறுக்கவில்லை. கடன் வாங்கி, பழைய தறியை விலைக்கு எடுத்து, வீட்டின் முன்பகுதியில் இரண்டு தறி போட்டு ஆரம்பித்த குடும்பங்களின் உழைப்பை எந்தக் கமிஷனும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் அந்தத் தறி ஏன் ஓட முடிந்தது? 1955-ல் கார்வே குழு சிறுதொழில்களைக் காக்கச் சொன்னதையடுத்து, இரண்டாம் திட்டக் காலத்தில் பெரிய ஆலைகள் நெசவுத் தறிகளைப் பெருக்கத் தடை போடப்பட்டது. கைத்தறியைக் காப்பதே நோக்கம். காலியான இடத்தில் நுழைந்ததோ விசைத்தறி. இச்சல்கரஞ்சி, பிவண்டி முதல் நம்மூர் வரை நடந்த கதை இதுதான். திட்டம் நினைத்தது ஒன்று, நடந்தது வேறொன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். கைத்தறி நெசவாளருக்கு அது அநியாயமும்கூட. ஆனாலும் பம்பாய், ஆமதாபாத் ஆலைகளிடமிருந்து சிற்றூர்த் தறிக்குச் சந்தையைப் பிடித்துக் கொடுத்தது அந்தத் தடைதான். தறிக்கு மின்சாரம் வேண்டுமே. நெய்வேலியும் பெரியாறும் 1979-ல் உற்பத்தி தொடங்கிய தூத்துக்குடி அனல்மின் நிலையமும் எந்தத் தனியாரின் முதலீடு? திருநெல்வேலி பேட்டையில் கூட்டுறவு நூற்பாலை நூல் கொடுத்தது. 1983-ல் வந்த இலவச வேட்டி சேலைத் திட்டம் தமிழகத்து விசைத்தறிக்கு ஆண்டுதோறும் நிச்சயமான ஆர்டர் கொடுத்தது. இன்றைக்கும் இரண்டு மாதத்துக்கு ஆயிரம் யூனிட் இலவச மின்சாரம் இருப்பதால்தான் சிறு தறிக்காரர் மூச்சு விடுகிறார்.

ஊருக்குத் தெற்கே, கிழக்கே போனால் தேவர்குளம், ஊத்துமலைப் பக்கம் கரிசல் முழுக்கக் காற்றாலைகள். தனியார் முதலீட்டின் வெற்றிக்கு இதை உதாரணம் காட்டுவார்கள். காற்றில் மின்சாரம் எடுக்க முடியும் என்று நிரூபிக்க 1986-ல் தூத்துக்குடியில் மாதிரிப் பண்ணை வைத்தபோது ஏழாம் திட்டம் நடந்துகொண்டிருந்தது. லாபம் வருமா என்று தெரியாத நாளில் பணம் போட்டது அரசு. லாபம் வரும் என்று தெரிந்த பிறகுதான் தனியார் வந்தார்கள்.

இனி என் வாதத்தின் உயிர்நாடிக்கு வருகிறேன். திட்டத்தின் பெருமை அது கட்டிய அணையிலோ ஆலையிலோ மட்டும் இல்லை. திட்டம் ஒரு தாள். அதில் தொகை இருந்தது, ஆண்டு இருந்தது, இடத்தின் பெயர் இருந்தது. அதனால் அதை வைத்துச் சண்டை போட முடிந்தது. ‘வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது’ என்று திராவிட முன்னேற்றக் கழகம் எழுப்பிய முழக்கம் எங்கிருந்து வந்தது? முதல் இரண்டு திட்டங்களின் ஒதுக்கீட்டை எடுத்து வைத்து, எஃகு ஆலை எங்கே போனது, துறைமுகத்துக்கு என்ன கொடுத்தார்கள் என்று எண்களோடு கேட்டதிலிருந்து வந்தது. 1967-ல் ஆட்சிக்கு வந்த கையோடு சேலம் இரும்பாலையும் தூத்துக்குடித் துறைமுகத் திட்டமும் கேட்டு அண்ணா எழுச்சி நாள் நடத்தினார். சேலத்துக்கு 1970-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. தூத்துக்குடி 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. சங்கரன்கோவில் துண்டும் சேலையும் கப்பல் ஏற இன்று பக்கத்தில் ஒரு துறைமுகம் இருக்கிறது என்றால், அந்தத் தாளை வைத்துப் போட்ட சண்டைக்கும் அதில் பங்கு உண்டு. 1969-ல் காட்கில் சூத்திரம் வந்தபின், மத்திய அரசின் திட்ட உதவி எந்த அடிப்படையில் பிரிகிறது என்று எந்த மாநிலமும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றானது. பங்கு குறைந்தால் காட்ட ஆதாரம் இருந்தது.

இந்தத் தாள் பறிபோனதில் மிகப் பெரிய இழப்பு யாருக்கு என்று கேட்டால், பட்டியல் சாதி மக்களுக்கு என்பேன். சங்கரன்கோவில் தனித் தொகுதி. இங்கே இது ஏட்டுப் பிரச்சினை கிடையாது. 1979-ல் சிறப்புக் கூறுத் திட்டம் என்று ஒன்று வந்தது. மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் எத்தனை சதவீதமோ, திட்டச் செலவில் அத்தனை சதவீதம் அவர்களுக்கென்று ஒதுக்க வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி அவர்கள் 20 சதவீதம். ஆக, மாநிலத் திட்டச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு. இந்தப் பணம் திசைதிருப்பப்பட்டது உண்மை. பொதுவான சாலைக்கும் பாலத்துக்கும் செய்த செலவை இந்தக் கணக்கில் எழுதினார்கள். ஆனால் திசைதிருப்பப்பட்டது என்று எப்படித் தெரிந்தது? மொத்தத் திட்டச் செலவு இவ்வளவு, வரவேண்டியது இவ்வளவு, வந்தது இவ்வளவு என்று கழித்துப் பார்க்க முடிந்ததால் தெரிந்தது. தலித் இயக்கங்கள் பட்ஜெட் புத்தகத்தைப் பிரித்து வைத்துக் கேள்வி கேட்கப் பழகியது இந்த விதியால்தான்.

2017-18 பட்ஜெட்டில் திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்ற பிரிவினையை மத்திய அரசு எடுத்துவிட்டது. கணக்குப் பதிவு எளிதாகும் என்றார்கள். ஐந்தில் ஒரு பங்கு என்றால் எதில் ஐந்தில் ஒன்று என்ற கேள்விக்கு அன்றோடு பதில் போயிற்று. எந்தெந்தத் துறை எவ்வளவு சதவீதம் ஒதுக்க வேண்டும் என்று புதிய வழிகாட்டுதல்கள் வந்தன; அவை அரசு மாற்றிக்கொள்ளக்கூடிய வழிகாட்டுதல்கள். ஆந்திரமும் கர்நாடகமும் 2013-லேயே இதற்குத் தனிச் சட்டம் போட்டன. தமிழ்நாடு சட்டம் போட 2024 வரை ஆயிற்று. திட்டக்குழு போனதைக் கைதட்டி வரவேற்றவர்கள் இந்த இழப்பைக் கவனித்தார்களா? கவனித்ததாக எனக்குத் தெரியவில்லை. திட்டம் என்றால் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது டெல்லியில் ஒரு கட்டடமும் சில அதிகாரிகளும். சேரித் தெருவில் விளக்குக் கம்பம் கேட்டு மனு எழுதியவருக்கு அது ஓர் ஆயுதமாக இருந்தது.

மாநிலங்களுக்கு விடுதலை கிடைத்தது என்ற மூன்றாவது வாதம் அரைகுறை. டெல்லிக்குப் போய்த் திட்டக்குழுத் துணைத் தலைவர் முன் முதலமைச்சர்கள் கைகட்டி உட்கார வேண்டியிருந்ததை நான் ஆதரிக்கவில்லை. பதினான்காவது நிதிக்குழு மாநிலங்களின் வரிப் பங்கை 32-லிருந்து 42 சதவீதமாக உயர்த்தியதும் நல்லதே. பின்னர் அது 41 ஆனது. ஆனால் செஸ், கூடுதல் தீர்வை என்ற பெயரில் வசூலிப்பது இந்தப் பங்கீட்டுக்குள் வராது, அதைப் பெருக்கிக்கொள்ள மத்திய அரசுக்குத் தடையும் இல்லை. கல்வித் திட்ட நிதியில் நடந்ததைப் பாருங்கள். 2024-25ல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை, பி.எம். ஸ்ரீ பள்ளி ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை, புதிய கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்று மத்திய அரசு நிறுத்திவைத்தது. மத்திய நிதியுதவித் திட்டங்களில் இந்த நிபந்தனை விளையாட்டு முன்பும் இருந்ததுதான். அன்று முறையிடத் தேசிய வளர்ச்சி மன்றம் என்று ஒன்று இருந்தது. முதலமைச்சர்கள் அனைவரும் உட்கார்ந்து திட்டத்துக்கு ஒப்புதல் தர வேண்டிய மன்றம். அது கடைசியாகக் கூடியது 2012 டிசம்பரில். திட்டக்குழுவின் இடத்தில் நிதி ஆயோக் வந்த பிறகு யோசனை சொல்லும் அமைப்பு இருக்கிறது, பணம் பிரிக்கும் சூத்திரம் இல்லை. பணம் நிதி அமைச்சகத்தின் விருப்பத்துக்குப் போயிற்று.

இப்போது 2047. இந்தியப் பொருளாதாரம் 30 லட்சம் கோடி டாலர், தலைக்கு வருமானம் ஆண்டுக்கு 18,000 டாலர். நிதி ஆயோக் 2024-ல் வெளியிட்ட அணுகுமுறை ஆவணம் சொல்லும் இலக்கு இது. இன்றைய மதிப்பில் ஆளுக்குப் பதினைந்து லட்சம் ரூபாய்க்கு மேல். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அறுபது லட்சம். இலக்கு பெரிதாக இருப்பதில் எனக்குக் குறையில்லை. ஏழை நாடு பெரிதாக ஆசைப்படத்தான் வேண்டும். எதற்கு எவ்வளவு பணம், எந்த ஆண்டில், யார் பொறுப்பு, எட்டாவிட்டால் யார் எப்போது சொல்வார் என்பதைக் காணோம் என்பதே என் குறை. 2047-ல் இன்றைய அமைச்சர்கள் யாரும் பதவியில் இருக்கப்போவதில்லை. இன்று வாக்குறுதி கொடுப்பவர்களிடம் அன்று போய்க் கேட்க வழியில்லை.

இது வெறும் சந்தேகம் இல்லை, நடந்திருக்கிறது. 2002-ல் திட்டக்குழுவே ‘இந்தியா 2020’ என்ற தொலைநோக்கை வெளியிட்டது. அப்துல் கலாமும் அதே ஆண்டை முன்வைத்து ஒரு தலைமுறைக்கே கனவு ஊட்டினார். 2020 வந்தது, தொற்று வந்தது, பேச்சு நின்றது. 2012 மார்ச்சில் ஜெயலலிதா ‘தொலைநோக்குத் திட்டம் 2023’ வெளியிட்டார். பதினோரு ஆண்டுகளில் உள்கட்டமைப்புக்குப் பதினைந்து லட்சம் கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 11 சதவீத வளர்ச்சி, 2023-ல் தமிழரின் தலைக்கு வருமானம் 10,000 டாலர் என்றது அது. 2023 வந்தபோது நம் மாநிலத்தின் தலைக்கு வருமானம் நான்காயிரம் டாலரைத் தொடவில்லை. தமிழ்நாடு மோசமாக வளரவில்லை; நாட்டின் சராசரியை விட நன்றாகவே வளர்ந்தது. ஆனால் அந்த ஆவணத்தை எடுத்து வைத்து, எங்கே தவறினோம் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. 2016-ல் விவசாயிகளின் வருமானத்தை 2022-க்குள் இரட்டிப்பாக்குவோம் என்றார்கள். 2018 டிசம்பரில் நிதி ஆயோக், 2022-23ல் நான்கு லட்சம் கோடி டாலர் பொருளாதாரம் என்று எழுதியது. 2019-ல் அது 2024-25ல் ஐந்து லட்சம் கோடி ஆனது. ஒவ்வொரு இலக்கு ஆண்டும் நெருங்க நெருங்க அடுத்த இலக்கு இன்னும் தொலைவில் போய் நிற்கிறது. கானல் நீரைப் பார்த்து நடப்பவனுக்கு நேர்வது இதுதான். தொற்றின் பாதிப்பை நான் ஒதுக்கவில்லை. மூன்றாம் திட்டத்துக்கும்தான் போரும் வறட்சியும் வந்தன; ஆனால் தோல்வி பதிவானது.

எண்ணாமல் திட்டமிட முடியாது என்பதும் இங்கே சேரும். தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22-ல் பிறந்தது. 2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027-க்குக் குறிக்கப்பட்டிருக்கிறது. தனி மாவட்டமாகத் தென்காசியை யாரும் இன்னும் தலை எண்ணிப் பார்க்கவில்லை. நுகர்வுச் செலவு ஆய்வில் 2017-18 முடிவுகளை அரசே வேண்டாம் என்று ஒதுக்கியதால், 2011-12க்குப் பிறகு 2022-23 வரை நாட்டில் ஏழைகள் எத்தனை பேர் என்பதற்கு நம்பகமான அடிப்படையே இல்லாமல் போனது. புள்ளியியலாளர் மகலனோபிஸ் திட்டம் எழுதுவதற்கு முன் மாதிரி ஆய்வை நிறுவினார்; தேசிய மாதிரி ஆய்வு 1950-ல் தொடங்கியது. நாம் எண்ணுவதை ஒத்திப்போட்டுவிட்டு 2047-க்கு டாலர் கணக்குச் சொல்கிறோம்.

திட்டமில்லாத நாட்டில் தறி எப்படி ஆடும் என்பதைப் பஞ்சு விலையில் பார்த்தோம். 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் பருத்தி இறக்குமதிக்கு வரி போட்டார்கள். 2022 மே மாதம் ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் வரியை அவசரமாக எடுத்தார்கள். இடையில் நூல் விலை ஏறிய ஏற்றத்தில் தறிகள் நின்றன. பருத்தி விளைவிப்பவர், நூற்பவர், நெய்பவர் மூவரையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்க்கும் இடம் ஒன்று இருந்திருந்தால், வரி போடும் அன்றே விசைத்தறிக்கு என்ன ஆகும் என்று ஒருவராவது கேட்டிருப்பார். பீஸ் கணக்கில் கூலி வாங்கும் நெசவாளிக்குத் தறி நின்றால் அன்றைக்குக் கூலி இல்லை. தார் சுற்றும் பெண்களுக்கும் இல்லை. கூலி ஒப்பந்தக் காலம் முடியும்போதெல்லாம் வேலைநிறுத்தம், பேச்சுவார்த்தை, சில சதவீத உயர்வு என்றுதான் இந்த ஊரின் தொழிலாளர் வாழ்க்கை நகர்கிறது. நாட்டின் சராசரி 18,000 டாலர் ஆகும்போது இவர்கள் எங்கே இருப்பார்கள்? சராசரிக்குள் இவர்கள் தெரியவே மாட்டார்கள்.

திட்டக் காலம் இந்தப் பகுதிக்குச் செய்யத் தவறியதையும் சொல்லியாக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் சிவகிரிக்கு மேலே செண்பகவல்லி அணை இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் சிவகிரி ஜமீனும் திருவிதாங்கூரும் செய்துகொண்ட ஏற்பாட்டில் கட்டியது. அதன் தடுப்பு உடைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அந்தத் தண்ணீர் வந்தால் சிவகிரி, வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் பகுதிக் குளங்கள் பெருகும். பழுதுபார்க்கத் தமிழ்நாடு தன் பங்குப் பணத்தைக் கட்டியும் வேலை நடக்கவில்லை. கேரளம் பிற்பாடு பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. பக்ரா நங்கல் கட்டிய திட்டக்குழுவின் கண்ணில் இந்தச் சின்ன மதகு படவில்லை. குளங்களை விட்டுவிட்டுக் கிணற்றுக்கும் பம்புசெட்டுக்கும் கடன் கொடுத்ததில் கரிசலின் நிலத்தடி நீர் எங்கோ கீழே போய்விட்டது. டெல்லியிலிருந்து பார்த்தால் ஊர் தெரியாது என்ற குற்றச்சாட்டு நூற்றுக்கு நூறு சரி.

ஆனால் அதிலிருந்து பெற வேண்டிய முடிவு என்ன? ஊர் தெரிகிற இடத்தில் திட்டம் போடு என்பதுதானே? அரசியல் சட்டத்தின் 243-இசட்-டி பிரிவு மாவட்டத் திட்டக் குழு அமைக்கச் சொல்கிறது. ஊராட்சிகளும் நகராட்சிகளும் எழுதும் திட்டங்களைச் சேர்த்து மாவட்டத்துக்கு ஒரு வரைவு தயாரிப்பது அதன் வேலை. கேரளம் 1996-ல் மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகள் கையில் கொடுத்து, வார்டு வார்டாக மக்களைக் கூட்டித் திட்டம் எழுதச் சொன்னது. நம் மாநிலத்தில் உள்ளாட்சிக்கு அந்த அதிகாரமும் பணமும் போகவில்லை. எந்தக் கழக ஆட்சியும் இதில் பெருமை கொண்டாட முடியாது. பக்கத்து விருதுநகரும் ராமநாதபுரமும் 2018-ல் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் இருக்கின்றன. சுகாதாரம், கல்வி, வேளாண்மை என்று மாதந்தோறும் எண்களைப் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். கண்காணிப்பு நல்ல காரியம். ஆனால் இருக்கிற திட்டங்களை ஒருங்கிணைப்பதுதான் அங்கே வேலை; பெரிய தனி நிதி கிடையாது. ராஜபாளையம் எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்தால் அந்தக் கண்காணிப்பும் இல்லை.

திட்டம் என்பது பழங்காலப் பொருள் என்று நினைப்பவர்கள் கிழக்கே பார்க்கட்டும். தென்கொரியா 1962 முதல் 1990-களின் நடுப்பகுதி வரை ஐந்தாண்டுத் திட்டங்களால்தான் எழுந்தது. சீனா 2026-30க்கான பதினைந்தாவது திட்டத்தில் இருக்கிறது. மலேசியா அதே காலத்துக்குப் பதின்மூன்றாவது திட்டத்தை 2025-ல் நாடாளுமன்றத்தில் வைத்தது. மலேசியத் திட்டங்கள் தோட்டத் தமிழர்களைப் பின்னுக்குத் தள்ளின என்பது உண்மை. ஆனால் அந்த நாட்டின் ஒன்பதாம் திட்டம், நிறுவனப் பங்குகளில் இந்தியர் பங்கு 2020-க்குள் மூன்று சதவீதம் ஆக வேண்டும் என்று எழுதியிருந்தது. அங்குள்ள தமிழர்கள் அந்த மூன்றைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே என்று கேட்க முடிந்தது. நம்மிடம் அப்படிக் கையில் வைத்துக்கொள்ள ஓர் எண் உண்டா?

பதினாறாவது நிதிக்குழுவின் காலம் 2026 முதல் 2031 வரை. 2047-க்கு முன்பாக அந்த 2031 வரும். அதற்குள் சங்கரன்கோவில் வட்டாரத்தில் எத்தனை பழைய தறிகள் நாடா இல்லாத் தறிகளாக மாறும், அதற்கு வட்டி எத்தனை, மானியம் யார் தலையில். செண்பகவல்லிக்காகக் கேரளத்துடன் எந்த மாதம் யார் பேசுவார். எத்தனை குளங்கள் தூர் வாரப்படும். பட்டியல் சாதிக் குடியிருப்புகளுக்கான ஐந்தில் ஒரு பங்கு இந்த மாவட்டத்தில் ரூபாயில் எவ்வளவு. இவை அனைத்தையும் தென்காசி மாவட்டத் திட்டக் குழு எழுத வேண்டும். எழுதி, தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் நகராட்சி வாசலிலும் ஒட்ட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் கிராமசபையில் அதை வரி வரியாக வாசித்து, நடந்தது எது, நடக்காதது எது என்று தீர்மானமாக எழுத வேண்டும். இதைக் கேட்காமல் 2047-க்குக் கைதட்டும் சட்டமன்ற உறுப்பினரையும் நாடாளுமன்ற உறுப்பினரையும், எந்தக் கட்சியாக இருந்தாலும், அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும்போது இந்த ஊர் நிறுத்தி வைத்துக் கேட்க வேண்டும்.